ஊருக்காக ஆடுவோர்

விளையாட்டு என்றதும் இன்று நம் நினைவுக்கு முதலில் வருவது பணம்தான். எந்த ஆட்டக்காரர் எத்தனை கோடிக்கு விலைபோனார், எந்தக் குழுவை எந்த நாட்டுச் செல்வந்தர் வாங்கினார் என்ற செய்திகளே நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களை நிறைக்கின்றன. வார இறுதியில் லிவர்பூல் சட்டையையோ மான்செஸ்டர் யுனைடெட் சட்டையையோ அணிந்துகொண்டு மாமாக் கடைகளில் கண்விழிக்கும் நம் நண்பர்களில் எத்தனை பேர் அந்த நகரங்களைப் பார்த்திருப்பார்கள்? அந்தக் குழுக்களில் ஆடுவோரில்கூட அந்நகரங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் மிகச் சிலரே. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொழில்முறை விளையாட்டின் இயல்பே அதுதான்.

ஆனால், இங்கிலாந்துக்கு அடுத்திருக்கும் அயர்லாந்துத் தீவில் இதற்கு நேர்மாறான வழியில் ஒரு விளையாட்டு 140 ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதுதான் கேலிக் காற்பந்து. அங்கே ஆட்டக்காரர் யாருக்கும் சம்பளம் இல்லை. அவர் தம் ஊர்க் கழகத்துக்காக ஆடுகிறார். அந்த ஊரே அவரை வளர்த்தெடுக்கிறது. அந்த ஊர்க் கழகங்கள்தாம் அயர்லாந்து விளையாட்டு வாழ்வின் வேர் என்பதும், வேருக்கு நீர் ஊற்றாமல் கிளைக்கு மட்டும் ஊற்றும் போக்கு அங்கே தலைதூக்கியபோது அதைத் தடுத்தது சரியே என்பதும் என் கருத்து. அதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

ஆட்டமும் அதன் தோற்றமும்

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத நண்பர்களுக்காகச் சில வரிகள். ஒரு குழுவில் 15 பேர். பந்து உருண்டையானது. கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்குமேல் ஓடக்கூடாது. அதற்குள் பந்தைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும், அல்லது பாத நுனியால் தட்டி மீண்டும் கைக்குக் கொண்டுவர வேண்டும். கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் மூன்று புள்ளி. 2025ஆம் ஆண்டு முதல், 40 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்துச் சட்டத்துக்கு மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி தருகிறார்கள்.

1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், திப்பரேரி மாவட்டத்தின் தர்லஸ் நகரில் உள்ள ஹேய்ஸ் தங்குவிடுதியில் சிலர் கூடினர். மைக்கல் கியூசாக் என்ற ஆசிரியரும் மோரிஸ் டேவின் என்ற புகழ்பெற்ற தடகள வீரரும் அவர்களில் முக்கியமானவர்கள். ஆங்கிலேய ஆட்சியின்கீழ் அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகள் மறைந்துவிடக்கூடாது என்ற எண்ணத்தோடு அன்று அவர்கள் தொடங்கியதே கேலிக் விளையாட்டுச் சங்கம். ஹர்லிங் என்னும் மட்டை ஆட்டமும் கேலிக் காற்பந்தும் அதன் இரு கண்கள் எனலாம்.

சங்கம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் கழகங்கள் முளைத்தன. கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றைச் சுற்றி அமைந்த வட்டாரத்தை அங்கே பங்கு என்பார்கள். பெரும்பாலும் ஒரு பங்குக்கு ஒரு கழகம். புனிதர்களின் பெயரையோ நாட்டு விடுதலைக்காகப் போராடியவர்களின் பெயரையோ கழகத்துக்குச் சூட்டினார்கள். இன்று அயர்லாந்தில் 1,600க்கும் மேற்பட்ட கழகங்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைக் குறிப்பிட வேண்டும். 1887ஆம் ஆண்டுக்குரிய முதல் அகில அயர்லாந்துப் போட்டியில், மாவட்டத்தின் பெயரால் ஆடியவை கழகங்களே. ஒரு மாவட்டத்தில் எந்தக் கழகம் வென்றதோ அதுவே அம்மாவட்டத்தின் குழுவாகக் களம் இறங்கியது. லிமெரிக் மாவட்டத்துக்காக முதல் பட்டத்தை வென்றது கமர்ஷியல்ஸ் என்ற கழகம். பல கழகங்களிலிருந்து சிறந்தவர்களைப் பொறுக்கியெடுத்து மாவட்டக் குழு அமைக்கும் வழக்கம் பின்னால் வந்தது. ஆகவே, கழகம் மாவட்டத்தின் பிள்ளையன்று. மாவட்டக் குழுவே கழகத்தின் பிள்ளை.

பிறந்த ஊரே கழகம்

ஓர் ஆட்டக்காரர் எந்தக் கழகத்தில் சேர்வது என்பதை அவருடைய திறமையோ விருப்பமோ முடிவுசெய்வதில்லை. அவர் எங்கே வளர்ந்தாரோ அங்குள்ள கழகமே அவருடைய கழகம். ஆறு, ஏழு வயதில் அந்தத் திடலில் கால்வைப்பவர், முப்பத்தைந்து வயதில் முழங்கால் வலிக்கும்வரை அதே சட்டையைத்தான் அணிவார். வேறு கழகத்துக்கு மாறுவது எளிதன்று. ஊரே மாறிக் குடியேறினால்தான் அதற்கு வழி கிடைக்கும். ஓர் ஆட்டக்காரர் தம் சொந்தக் கழகத்துக்கு என்றென்றும் கடமைப்பட்டவர் என்பதைச் சங்கத்தின் விதிப்புத்தகமே ஏற்றுக்கொள்கிறது.

இதன் விளைவு என்ன தெரியுமா? நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் நாட்டின் மிகச் சிறிய கழகங்களில் ஒன்றில் ஆடக்கூடும். கெர்ரி மாவட்டத்தின் டேவிட் கிளிஃபர்ட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் அவர். தொழில் ஆசிரியர் பணி. அவருடைய கழகம் கில்லார்னி நகருக்கு அருகிலுள்ள ஃபோசா. 2022ஆம் ஆண்டு ஜூலையில் டப்ளின் மாநகரின் குரோக் பார்க் அரங்கில் கெர்ரி மாவட்டத்துக்காக அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றார். அந்த அரங்கில் 82,300 பேர் கூடலாம். அடுத்த ஆறு மாதத்தில், 2023ஆம் ஆண்டு ஜனவரியில், அதே அரங்குக்குத் தம் அண்ணன் பாடியுடன் மீண்டும் வந்தார். இம்முறை அணிந்திருந்தது ஃபோசா சட்டை. வென்றது கழகங்களுக்கான மூன்றாம் நிலைப் போட்டியின் கிண்ணம். உலகக் கிண்ணத்தை வென்ற ஒருவர், அடுத்த சில மாதங்களில் தம் தாமான் குழுவோடு மாநில மூன்றாம் பிரிவில் ஆடுவதைக் கற்பனை செய்து பாருங்கள்! ஃபோசா மக்களுக்கு அது கற்பனையன்று. பள்ளித் தோழனோடும் பக்கத்து வீட்டுக்காரரோடும் சேர்ந்துதான் அவர் ஆடினார்.

கழகம் இல்லாதவர் மாவட்டத்துக்கும் ஆட முடியாது என்பதற்கு டிரோன் மாவட்டத்தின் பீட்டர் கேனவன் சான்று. அவருடைய பங்கில் ஊர்ச் சண்டை ஒன்றால் கழகம் பிளவுபட்டது. பிரிந்து நின்ற தரப்பின் குழுவுக்குச் சங்கம் அங்கீகாரம் தரவில்லை. கழகமில்லாத அந்த இளைஞரை மாவட்டத்தின் இளையர் குழுவில் சேர்க்க விதி இடம் தரவில்லை. வேறு வழியின்றி, வேறோர் ஊரின் ஹர்லிங் கழகத்தில் பெயரைப் பதிந்துகொண்டுதான் அவர் மாவட்டக் காற்பந்துக் குழுவில் இடம்பிடித்தார். பிறகு ஊர் ஒன்றுபட்டு எரிகல் கியாரன் என்ற புதிய கழகம் 1990இல் பிறந்தது. அதே கேனவன் 2003ஆம் ஆண்டு டிரோன் மாவட்டத்தின் தலைவராக அதன் முதல் அகில அயர்லாந்துக் கிண்ணத்தை உயர்த்தினார். நாட்டையே வியக்கவைத்த ஒரு திறமை, ஓர் ஊர்ச் சண்டையால் வெளிச்சத்துக்கு வராமலே போயிருக்கக்கூடும். கழகம் என்பதன் பலமும் அதன் ஆபத்தும் இந்த ஒரே கதையில் அடங்கியிருக்கின்றன.

திடலுக்கு வெளியே

நம் நாட்டு மாணவர்கள் பலர் மருத்துவம் படிக்க அயர்லாந்துக்குச் செல்வது நாம் அறிந்ததே. பினாங்கில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் முதல் சில ஆண்டுகளை டப்ளினில் கழிப்பது வழக்கம். என் அக்காவும் அவ்வழியில் சென்றவர். ஒவ்வொரு முறை தொலைபேசியில் அழைக்கும்போதும் குளிரைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் பேசுபவர், ஒரு நாள் காற்பந்தைப் பற்றிப் பேசினார். உடன் படிக்கும் தோழியின் கிராமத்துக்கு வார விடுமுறையில் போயிருந்தாராம். தோழியின் தந்தை சனிக்கிழமை காலையில் கழகத் திடலில் புல் வெட்டினார். தாயார் தேநீரும் ரொட்டியும் தயாரித்தார். தாத்தா நுழைவாயிலில் சீட்டுக் கொடுத்தார். ஒருவருக்கும் ஒரு காசு கிடையாது. அந்த வாரம் ஊரில் ஒரு முதியவர் இறந்திருந்தார். கழகச் சட்டை அணிந்த இளைஞர்கள் சாலையின் இருபுறமும் வரிசையாக நிற்க, நடுவே சவப்பெட்டி சென்றதாம். அதன்மேலும் ஒரு கழகச் சட்டை. அவர் கடைசியாக ஆடி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன என்றார் அக்கா.

இதைக் கேட்ட பிறகுதான் நான் இவ்விளையாட்டைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அங்கே கழகம் என்பது வெறும் விளையாட்டு அமைப்பன்று. வாரந்தோறும் சிறு குலுக்கல் சீட்டு விற்றுத் திடலுக்கு விளக்குப் போடுகிறார்கள். 2020ஆம் ஆண்டு கோவிட் முடக்கத்தின்போது, வெளியே வர முடியாத முதியவர்களுக்கு மளிகைப் பொருள்களையும் மருந்துகளையும் வீட்டு வாசலில் கொண்டுசேர்த்தவர்களில் கழகத் தொண்டூழியர்கள் முன்னணியில் நின்றார்கள். யாருக்கு எது தேவை, எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் கழகத்தாருக்கு முன்பே தெரிந்திருந்தது.

துன்பக் காலத்திலும் கழகங்கள் நிலைத்து நின்றிருக்கின்றன. 1920ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, டப்ளின் குழுவும் திப்பரேரி குழுவும் மோதிய ஆட்டத்தின்போது ஆங்கிலேய அரசின் படையினர் குரோக் பார்க்கில் நுழைந்து சுட்டனர். 14 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் களத்திலிருந்த ஆட்டக்காரர் மைக்கல் ஹோகன். கிரேஞ்ச்மாக்லர் கழகத்தைச் சேர்ந்தவர். அரங்கின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வட அயர்லாந்தின் எல்லையோரத்திலுள்ள கிராஸ்மாக்லென் ஊரில், 1970களில் பிரிட்டிஷ் இராணுவம் கழகத் திடலை ஒட்டி முகாம் அமைத்து, கழகத்தின் நிலத்திலும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் இறங்க, கீழே பிள்ளைகள் பயிற்சி செய்தார்கள். 2007இல் அந்த முகாம் மூடப்பட்டது. அந்தச் சிற்றூர்க் கழகமோ 1997க்கும் 2012க்கும் இடையே ஆறு முறை அகில அயர்லாந்துக் கழகக் கிண்ணத்தை வென்றது.

கழகமா, மாவட்டமா?

இத்தனை பெருமை இருந்தும் கழகங்களுக்குச் சோதனை உள்ளிருந்தே வந்தது. சாம் மகுவயர் கிண்ணம் 1928ஆம் ஆண்டு முதல் அகில அயர்லாந்து வெற்றியாளருக்கு வழங்கப்படுகிறது. அதை வெல்லும் ஆசை ஆண்டுக்கு ஆண்டு பெரிதானது. தொலைக்காட்சியும் விளம்பரதாரர்களும் மாவட்ட ஆட்டங்களையே நாடினர். மாவட்டப் பயிற்றுநர்கள் தங்கள் ஆட்டக்காரர்களைக் கழகத்துக்கு விடத் தயங்கினர். கோடை முழுவதும் மாவட்டக் குழுவின் ஆட்டம் எப்போது முடியும் என்று தெரியாமல் கழகங்கள் காத்துக் கிடந்தன. மாவட்டக் குழுவில் இடம்பெறுவோர் மிகச் சிலர். கழகத்தில் மட்டும் ஆடுவோரே பெரும்பான்மையினர். அந்தப் பெரும்பான்மையினர் அடுத்த ஆட்டம் எப்போது என்று தெரியாமல் திருமண நாளைக்கூடக் குறிக்க முடியாமல் தவித்தார்கள். இந்தக் குறையைத் தீர்க்கவே 2017இல் கழக ஆட்டக்காரர் சங்கம் என்ற அமைப்பு உருவானது.

மாவட்டத்துக்கு ஆடுவோரின் நிலையும் எளிதாக இல்லை. பொருளியல், சமூக ஆய்வு நிலையம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் வாரத்துக்கு 31 மணி நேரம்வரை ஆட்டத்துக்காகச் செலவிடுகிறார்கள். பகலில் முழுநேர வேலை, மாலையில் நெடுந்தூரப் பயணம், இரவில் பயிற்சி. சம்பளம் இல்லாத இரண்டாவது வேலை என்றே இதைச் சொல்லலாம்.

2022ஆம் ஆண்டு சங்கம் ஆண்டை இரண்டாகப் பிரித்தது. முதல் பாதி மாவட்டத்துக்கு. அகில அயர்லாந்து இறுதியாட்டம் ஜூலை மாதத்திலேயே முடிந்துவிடும். இரண்டாம் பாதி முழுவதும் கழகத்துக்கு. முன்பு செப்டம்பரில் நடந்துவந்த இறுதியாட்டம் இப்படி முன்னே வந்ததைப் பலர் ஏற்கவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் செய்தித்தாள்களின் பக்கங்களை ரக்பிக்கும் காற்பந்துக்கும் விட்டுக்கொடுத்துவிட்டோம், சிறுவர்களின் கவனம் அந்தப் பக்கம் போய்விடும் என்கிறார்கள் அவர்கள். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. செப்டம்பர் இறுதியாட்டம் தலைமுறைகளின் நினைவோடு கலந்தது.

ஆயினும், ஒரு சிறுவனை ஆட்டத்துக்கு இழுப்பது எது? தொலைக்காட்சியில் தெரியும் வீரரா? அல்லது செவ்வாய்க்கிழமை மாலை தன் ஊர்த் திடலுக்கு வந்து, தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பந்தை உதைக்கக் காட்டிக்கொடுக்கும் அதே வீரரா? இரண்டாவதுதான் என்பேன். கழகத்தின் பருவம் உறுதியாக இருந்தால்தான் அந்த வீரர் ஊருக்குத் திரும்ப முடியும். விளம்பரம் ஒரு மாதத்தில் கிடைக்கும். கழகம் கலைந்தால் மீண்டும் உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும். ஆகவே ஆண்டை இரண்டாகப் பிரித்த முடிவு நிலைக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

சம்பளம் கொடுத்தால் என்ன?

அரங்கு நிறையப் பணம் வருகிறதே, ஆடுபவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வருமானத்தின் பெரும்பகுதி மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் திடல்களுக்கும் திரும்பிச் செல்கிறது என்பது ஒரு பதில். மாவட்ட ஆட்டக்காரர்களுக்கு அரசு ஓர் ஊக்கத்தொகை வழங்குகிறது. பயணச் செலவும் உண்டு. ஆனால் சம்பளம் வந்துவிட்டால் அடுத்து ஏலமும் வரும். ஃபோசாவின் பிள்ளையை டப்ளினின் பணக்காரக் கழகம் வாங்கும். பிறகு ஃபோசாவில் புல் வெட்ட யார் வருவார்?

பணத்துக்கு மயங்காதவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. கெர்ரியின் டாட்ஹ் கென்னலி ஆஸ்திரேலியாவின் சிட்னி ஸ்வான்ஸ் குழுவில் தொழில்முறை ஆட்டக்காரராகி 2005இல் அந்நாட்டின் உயரிய கிண்ணத்தை வென்றவர். அவர் 2009இல் சம்பளத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அதே ஆண்டில் கெர்ரிக்காக, தம் தந்தை அணிந்த அதே சட்டையில், அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றார்.

அதே வேளையில், தியாகம் என்று பெயர் சூட்டி இளைஞர்களின் உழைப்பை உறிஞ்சுவதையும் நான் ஏற்கவில்லை. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கூடாது என்று சொல்லிக்கொண்டே சில இடங்களில் வெளியூர்ப் பயிற்றுநர்களுக்கு மறைவாகப் பணம் தரப்படுவதாக அயர்லாந்தில் நெடுநாளாகப் பேச்சு உண்டு. 2012இல் சங்கத்தின் தலைமையே இதைப் பற்றி விவாத அறிக்கை வெளியிட்டது. ஊதியமில்லா நெறி என்றால் அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டுப் பயிற்சியின் நேரத்துக்கும் மாவட்டக் குழுக்களின் செலவுக்கும் வரம்பு வேண்டும். பெண்கள் காற்பந்துச் சங்கம் 1974ஆம் ஆண்டு முதல் தனி அமைப்பாக இயங்கி வந்திருக்கிறது. ஒரே ஊர், ஒரே சட்டை நிறம். ஆனால் திடல் கேட்டுக் காத்திருப்பவர்கள் தங்கைகளாக இருந்தால் அந்தக் கழகத்தை ஊர்க் கழகம் என்று எப்படி அழைப்பது? அண்ணன் தம்பிக்கு உள்ள உரிமை அக்காள் தங்கைக்கும் வேண்டும்.

ஊர் காலியாகும்போது

இன்று கழகங்களுக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. மேற்குக் கரையோரக் கிராமங்களில் இளைஞர்கள் குறைந்துவருகிறார்கள். படிப்புக்கும் வேலைக்கும் டப்ளினுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். பதினைந்து சிறுவர்களைத் திரட்ட முடியாத கழகங்கள், பரம்பரை எதிரியான பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒரே சிறுவர் குழுவை அமைக்கின்றன. மறுபக்கம், டப்ளினின் புறநகர்க் கழகங்களில் பிள்ளைகளுக்குத் திடல் போதவில்லை. விதிகளால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. கிராமத்தில் வீடும் வேலையும் பள்ளியும் இருந்தால்தான் குழுவும் இருக்கும். இது அரசின் கடமையும்கூட.

புலம்பெயர்ந்தோர் போன இடமெல்லாம் கழகத்தையும் கொண்டுபோனார்கள். லண்டன் குழுவும் நியூயார்க் குழுவும் அயர்லாந்தின் கானாக்ட் மாநிலப் போட்டியிலேயே ஆடுகின்றன. 2023இல் நியூயார்க் குழு லீட்ரிம் மாவட்டக் குழுவைத் தோற்கடித்துத் தன் முதல் வெற்றியைப் பெற்றது. நம் அருகிலும் அவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கேலிக் லயன்ஸ் கழகம் உண்டு. கோலாலம்பூர் கழகத்தின் பெயர் ஓராங் ஏர. நம் மலாய்ச் சொல்லான ஓராங்கோடு, அயர்லாந்தை அவர்கள் தாய்மொழியில் குறிக்கும் ஏர என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். வந்த மண்ணின் சொல்லையும் விட்டுவந்த மண்ணின் சொல்லையும் ஒரே பெயரில் இணைத்த அவர்களின் மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் வெளிநாட்டில் கழகங்கள் பெருகுவதைக் காட்டி உள்ளூர்க் கழகங்களின் தேய்வை மறைக்கக் கூடாது. ஓராங் ஏர குழுவில் ஆடும் இளைஞன் ஒவ்வொருவனும் ஏதோ ஓர் அயர்லாந்துக் கிராமத்தின் திடலில் பந்தைப் பிடிக்கக் கற்றவன். அந்தத் திடலில் இன்றும் யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின் அந்த வேலையைச் செய்ய ஒருவர் இருக்கும்வரை கேலிக் காற்பந்துக்கு அழிவில்லை. சாம் மகுவயர் கிண்ணத்தை யார் வென்றார் என்று கேட்பதற்கு முன்னால், வென்றவர் எந்த ஊர்க் கழகத்துப் பிள்ளை என்று கேட்கும் வழக்கம் அயர்லாந்தில் இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வி அங்கே என்றும் கேட்கப்பட வேண்டும்.